வீல் போல்ட்டில் மரை போயிடுச்சா? 1841-லேயே வழி போட்ட மனிதர்... யார் இந்த ஜோசப் விட்வொர்த்?

திருக்கழுக்குன்றத்தில் இருந்து மாமல்லபுரம் போகும் வழியில் கார் டயர் பஞ்சர். அவசரமாக ஸ்டெப்னி மாட்டும்போது நட்டு கோணலாக ஏறி, வீல் போல்ட்டின் மரை அடிபட்டுடுச்சுன்னு வைங்க. கார் எந்த ஊரில் தயாரானாலும், அதன் மரைக்கு ஏற்ற 'டை' கடையில் கிடைக்கும். இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கிறோம். ஆனால், இப்படி ஒரு காலம் வர ஒருத்தர் மெனக்கெட வேண்டியிருந்தது.

யார் இவர்?

ஜோசப் விட்வொர்த், 1803 டிசம்பர் 21-ம் தேதி இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். சின்ன வயசிலேயே அம்மாவை இழந்தார். உறவினரின் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். அவருக்கோ மெஷின் மேல்தான் கண். அங்கிருந்து கிளம்பி மெக்கானிக் ஆனார். லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் புகழ்பெற்ற பட்டறையில் தொழில் பழகினார். 1833-ல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை போட்டார்.

அப்போது என்ன பிரச்சினை?

அன்று ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய அளவில் மரை போட்டது. ஒரு போல்ட் போனால், அதைச் செய்த பட்டறையையே தேடி ஓடணும்.

விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து அளந்து, சராசரி எடுத்தார். 1841-ல் பொதுவான ஓர் அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. ஒவ்வொரு தடிமனுக்கும் ஒரு அங்குல நீளத்தில் எத்தனை மரை என்பதும் நிர்ணயம்: கால் அங்குல போல்ட்டுக்கு 20, அரை அங்குல போல்ட்டுக்கு 12. ரயில்வே கம்பெனிகள் இதை ஏற்றுக்கொள்ள, நாடு முழுக்கப் பரவியது.

1850-களில் கிரீமியப் போர் வந்தபோது, பீரங்கிப் படகு எஞ்சின்களின் பாகங்களைப் பல பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் செய்ய முடிந்தது. எங்கே செய்தாலும் மரை பொருந்தியதே காரணம்.

எல்லாவற்றிலும் வெற்றியா?

இல்லை. அவர் உருவாக்கிய அறுகோணத் துளைத் துப்பாக்கி குறி தப்பாமல் சுட்டும், பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்கவில்லை. மரை அளவுக்கும் போட்டி வந்தது. 1864-ல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி கோணத்தை முன்வைத்தார். இன்றைய கார்களின் மெட்ரிக் மரையும் 60 டிகிரிதான். விட்வொர்த்தின் எண்கள் மாறிப்போச்சு. அளவு பொதுவாக இருக்கணும் என்ற யோசனை நிலைச்சிடுச்சு.

1868-ல் இளம் இன்ஜினீயர்களுக்கு உதவித்தொகை தொடங்கிய அவர், 1887 ஜனவரி 22-ல் மான்டி கார்லோவில் காலமானார்.

சரி, வீட்டில் எப்படிச் சரிசெய்வது?

* முதலில் பிட்ச், அதாவது மரைகளின் இடைவெளியைப் பாருங்க. இங்கே ஓடும் பல கார்களில் போல்ட் 12 மி.மீ. தடிமன், ஆனால் பிட்ச் சிலவற்றில் 1.25, சிலவற்றில் 1.5. மாற்றி ஏற்றினால் இருக்கிற மரையும் போயிடும்.

* கடலோரக் காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, டையை நேராக வைத்து அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே எனத் திருப்புங்க. முடிந்ததும் எண்ணெயைத் துடைச்சிடுங்க.

* நுனியில் ஒன்றிரண்டு மரை நசுங்கியிருந்தால் மட்டுமே இது போதும். மரை வழுக்கினால், தேய்ந்திருந்தால், புது போல்ட்தான் ஒரே வழி. நட்டையும் சேர்த்து மாற்றுங்க.

* நட்டைக் கையால் சில சுற்று ஏற்றிய பிறகே ஸ்பேனரைத் தொடுங்க. கார் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்க.

சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டிடுங்க. ஓடும் காரில் சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது இந்த நாலைந்து போல்ட்டுகள்தான்.