பள்ளிப் படிப்பை முடிக்காத பெர்சி... உங்க வீட்டு மைக்ரோவேவ் அவன் பிறந்த கதை!

மைக்ரோவேவ் அவன்ல சாதத்தை வெச்சுட்டு, அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கிட்டே காத்திருக்கீங்களா? அந்த நேரத்துல பெட்டிக்குள்ள ஒரு எலெக்ட்ரான் மேகம் நிலைகுலைஞ்சு சுத்திக்கிட்டிருக்கு. அது நிலைகுலையலைன்னா உங்க சாதம் சூடாகாது. அந்த மேகத்தைச் சமையலறைக்குக் கொண்டு வந்தவர், பள்ளிப் படிப்பையே முடிக்காத அமெரிக்கர் பெர்சி ஸ்பென்சர்.

1894-ல் மெய்ன் மாகாணத்தின் ஹவ்லேண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். ஒன்றரை வயதில் அப்பா இறந்துபோனார். அம்மாவும் விட்டுச்சென்றுவிட, உறவினரான ஒரு தம்பதிதான் வளர்த்தார்கள். ஏழு வயதில், வளர்த்தவரும் இறந்துவிட்டார். 12 வயதில், நூல் சுற்றும் கட்டைகள் செய்யும் மில்லில் வேலை. நாள் முழுக்க உழைப்பு!

பக்கத்துல ஒரு காகித ஆலைக்கு மின்சாரம் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும், யார்கிட்டயும் முறையா கற்காமலேயே எலெக்ட்ரீஷியன் ஆனார் பெர்சி. 1912-ல் டைட்டானிக் மூழ்கிய செய்தி, வயர்லெஸ் மீது ஆசையைக் கிளப்ப, கடற்படையில் சேர்ந்தார். இரவுக் காவல் நேரங்கள்ல பாடப்புத்தகங்களைப் படிச்சே கணிதமும் இயற்பியலும் கற்றார். 1920-களில் ரேதியான் நிறுவனத்தில் சேர்ந்தார்.

சக்கரம் போல சுழலும் மேகம்

இரண்டாம் உலகப் போரில், ரேடாரின் உயிர்நாடி மேக்னட்ரான் என்ற குழாய். 1940-ல் பிரிட்டன் அதை அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தது. அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போமா?

நடுவில் சூடான கம்பி எலெக்ட்ரான்களை வெளியேற்றும். வெளிச்சுவரை நோக்கி ஓடும் அவற்றைக் காந்தப்புலம் வளைத்து, சுற்ற வைக்கும். எல்லாமே எதிர்மின் துகள்கள். சமன் செய்ய நேர்மின் துகள்கள் கிடையாது. இப்படிப்பட்ட கூட்டத்தைத்தான் நடுநிலையற்ற பிளாஸ்மாங்கிறாங்க. இதில் உள்ளடுக்கு ஒரு வேகத்திலும் வெளியடுக்கு வேறு வேகத்திலும் சுழலும். காத்து அடிச்சா குளத்துல அலை எழும்புதே, அதுபோல இங்கேயும் மேகம் நெளியத் தொடங்கும். இந்த நெளிவுக்கு டையோகோட்ரான் நிலையின்மை என்று பெயர். மேக்னட்ரானில் சுற்றிலும் உள்ள குழிகளின் அலைகளும் சேர்ந்துகொள்ள, மேகம் சைக்கிள் சக்கரத்தின் ஆரங்கள் போலப் பிரிந்துவிடும். பாட்டில் வாயில் ஊதினா சத்தம் வருமே, அதுபோல ஆரங்கள் கடக்கும்போது குழிகள் மைக்ரோவேவ் அலைகளை எழுப்பும்.

எதிர்ப்பொருள் துகள்களைக் காந்தப் பொறியில் அடைத்து வைக்கும் விஞ்ஞானிகளுக்கு இந்த நெளிவு பெரிய தலைவலி. துகள்கள் சுவரில் மோதிவிடும். மேக்னட்ரானிலோ அதுதான் மூலதனம்!

இந்தக் குழாயைச் செய்ய, செம்புக் கட்டியைத் துல்லியமாகக் கடைய வேண்டியிருந்தது. மெல்லிய தகடுகளாக வெட்டி, அடுக்கி, ஒட்டலாம் என்று வழி கண்டார் ஸ்பென்சர். உற்பத்தி நாளொன்றுக்கு 2,600 வரை போனது. கடற்படை விருதும் கிடைத்தது.

பாக்கெட்டில் உருகிய இனிப்பு

போர் முடியும் சமயம். இயங்கிக்கொண்டிருந்த மேக்னட்ரான் பக்கத்தில் நின்றவரின் பாக்கெட்டிலிருந்த சாக்லேட் உருகிப்போனது. அந்தக் கதகதப்பை அவருக்கு முன்பே சிலர் உணர்ந்திருக்கிறார்கள். ஆனா, அடுத்து என்னன்னு கேட்டவர் இவர்தான். சோளம் வைத்தார், பொரிந்தது. முட்டை வைத்தார்; வெடித்துச் சிதறியது. 1945 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

1947-ல் வந்த முதல் அவன் ஆள் உயரம், 340 கிலோ! சமையல் மேடையில் வைக்கும் மாடல் 1967-ல்தான் வீடுகளுக்கு வந்தது. அதைப் பார்த்துவிட்டு 1970-ல் மறைந்தார் ஸ்பென்சர். அதற்குள் நிறுவனத்தின் துணைத் தலைவர், கௌரவ டாக்டர் பட்டம் என உயர்ந்திருந்தார்.

அடுத்த முறை அந்த ரீங்காரம் கேட்கும்போது, சின்ன வயசுலயே எல்லாம் நிலைகுலைஞ்சுபோன அந்தப் பையனை நினைச்சுக்கோங்க. அப்படியே, முட்டையை மட்டும் ஓட்டோட உள்ளே வெச்சுடாதீங்க!