ஓர் அடியின் விலை

கோல்ஃப் ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் பின்னாலும் நடுவர் நடப்பதில்லை. பிழை நேர்ந்தால் ஆட்டக்காரரே சொல்ல வேண்டும். மதிப்பெண் அட்டையைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் பொறுப்பும் அவருடையதே. இந்த அறத்தின் இரு முகங்களையும் கண்ட வாழ்க்கை பாபி ஜோன்ஸினுடையது என்று நான் கருதுகிறேன்.

1902-இல் அட்லாண்டாவில் பிறந்த ஜோன்ஸ், கடைசிவரை பணத்துக்காகப் போட்டியிடாதவர். பொறியியலும் இலக்கியமும் கற்று வழக்கறிஞரானவர். இளமையில் முன்கோபி. 1921-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில், மூன்றாம் சுற்றின் நடுவே போட்டியிலிருந்து விலகினார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க ஓபனில், புல்லிடையே கிடந்த அவரது பந்து அடிக்குமுன்னரே இம்மியளவு நகர்ந்தது. வேறெவரும் அதைக் காணவில்லை. ஆயினும் தமக்குத் தாமே ஓர் அடியைத் தண்டமாகச் சேர்த்துக்கொண்டார். இறுதியில் வில்லி மக்ஃபார்லேனுடன் சமநிலை. 36 குழிகள் நீண்ட கூடுதல் ஆட்டத்தில் ஓர் அடியில் தோல்வி. அந்தத் தண்டம் இல்லையேல் பட்டம் அவருடையது. இதற்காகப் பிறர் பாராட்டியதையும் அவர் ஏற்கவில்லை.

1930-இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்று, 28 வயதிலேயே ஓய்வுபெற்றார். பின்னர் அவர் இணைந்து நிறுவிய அகஸ்டா மைதானத்தில் 1934-இல் மாஸ்டர்ஸ் போட்டி தொடங்கியது.

அங்கேதான் 1968-இல் அந்தச் சோதனை வந்தது. அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோ 17-ஆம் குழியை மூன்று அடிகளில் முடித்தார். உடன் ஆடிய டாமி ஆரன் அட்டையில் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ அதைக் கவனியாமல் கையொப்பமிட்டார். கூடுதலாகக் குறித்த எண்ணே நிற்கும் என்பது விதி. பாப் கோல்பியுடன் கூடுதல் ஆட்டம் ஆடியிருக்க வேண்டியவர், ஓர் அடியில் இரண்டாமிடம் பெற்றார். அன்று அவருக்கு 45-ஆவது பிறந்தநாள். முதுகுத்தண்டு நோயால் முடங்கியிருந்த ஜோன்ஸிடமும் நிர்வாகிகள் கலந்து பேசினர், விதியே நின்றது.

இரண்டும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். 1925-இல் விதி, எவரும் அறியாத உண்மையைக் காத்தது. 1968-இல் அதே கண்டிப்பு, எல்லோரும் கண்ட உண்மையைக் காகிதத்துக்குப் பலியிட்டது. டி விசென்சோ பிறரைப் பழிக்காமல் தம்மையே நொந்துகொண்டார். முறையாக வென்ற கோல்பியின் பட்டத்திலும் நிழல் படிந்தது. ஜோன்ஸ் 1971-இல் மறைந்தார். விதியை மதிப்பதற்கு அவரையே நான் சான்று காட்டுவேன். ஆனால் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தியிருந்தால் அந்த மதிப்பு குறைந்திருக்கும் என்று என்னால் நம்ப இயலவில்லை.