ஊளையை ஆண்ட ஆம்ஸ்ட்ரோங்

வால்வுகளைக் கொண்டு விரியலாக்கி ஒன்றைத் தம் கையாலேயே அமைத்துப் பார்த்தவர்கள் அதன் ஊளையை மறக்கமாட்டார்கள். வந்த சமிக்ஞையைப் பெருக்கவேண்டிய கருவி, எவரும் ஏவாமலே தானாக அலையத் தொடங்கிவிடும். அவ்வூளையைக் கேட்கும்போதெல்லாம் எட்வின் ஹோவார்ட் ஆம்ஸ்ட்ரோங்கையே நான் நினைத்துக்கொள்வேன்.

1890 இல் நியூயோர்க்கிற் பிறந்த அவர், 1912 இல் கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவராயிருந்தார். லீ டி பொரெஸ்ட் 1906 இல் ஆக்கிய மும்முனை வால்வைக் கையாண்டோர் பலர். அது தொழிற்படும் விதத்தை உணர்ந்தோர் மிகச் சிலர். ஆம்ஸ்ட்ரோங் அதன் அனோட்டு மின்னோட்டத்தின் ஒரு பகுதியைச் சுருளொன்றின் வழியே நெய்யரிக்கு மீளச் செலுத்தினார். சென்றது பெருகி வந்தது. வந்தது மீண்டும் சென்று பெருகியது. நலிந்த சமிக்ஞைகளும் உரத்துக் கேட்டன. மீளச் செலுத்துவது ஓர் எல்லையைக் கடந்தபோதோ வால்வு தானே அலையலாயிற்று. அதனைப் பழுதென்று தள்ளிவிடாது, வானொலி அலையைப் பிறப்பிக்கும் வழியென்று கண்டமையே அவர்தம் கூர்மை. 1913 சனவரி 31 இல் அச்சுற்றின் படத்தை நொத்தாரிசு முன்னிலையில் உறுதிப்படுத்தி வைத்தார்.

வேண்டாத அலைவு வேறொரு வழியாலும் வரும். வால்வினுள் அனோட்டும் நெய்யரியும் அருகருகே இருப்பதால் அவற்றிடையே சிறு கொள்ளளவம் உண்டு. மீடிறன் உயர உயர அதனூடாகச் சமிக்ஞை பின்னோக்கிக் கசியும். சுருள் இல்லாமலே ஊளை பிறக்கும். 1918 இல் பாரிசில் அமெரிக்கப் படையிற் பணியாற்றிய ஆம்ஸ்ட்ரோங் இத்தடையைச் சுற்றிச் சென்றார். வரும் அலையோடு, தானே அலையும் ஒரு வால்வின் அலையைக் கலந்து, தாழ்ந்த மீடிறனுக்கு மாற்றி, அங்கே அச்சமின்றிப் பெருக்கினார். அடங்காத அலைவே இங்கு ஏவலாளாயிற்று! கசிவுக்கு நேரெதிரான சிறு மின்னோட்டத்தை ஓர் ஒடுக்கியூடாகச் செலுத்தி அதனை நடுநிலையாக்கும் முறையை 1923 இல் வெளியிட்டவர் ஹேசல்ரைன். வானொலி அன்பர்கள் தம் வால்வு விரியலாக்கிகளில் இன்றும் அம்முறையைக் கையாளுகின்றனர்.

மீளூட்டல் யாருடையது என்ற வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1934 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் டி பொரெஸ்ட் பக்கமே தீர்ப்பளித்தது. பொறியியலாளர் பலர் அதனை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆம்ஸ்ட்ரோங் தமக்கு முன்னர் வழங்கப்பட்ட பதக்கத்தை வானொலிப் பொறியியலாளர் கழகத்திடம் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். கழகம் அதனை வாங்க மறுத்து, அவருக்கே அது உரியதென மீண்டும் உறுதிசெய்தது.

இரைச்சலற்ற மீடிறன் பண்பேற்ற ஒலிபரப்பையும் அவரே ஆக்கினார். 1933 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவும் வழக்குகளில் முடிந்தது. பொருளும் இல்லறமும் குலைந்த நிலையில், 1954 சனவரி 31 இரவு அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நொத்தாரிசிடம் சென்ற அதே நாள், இடையில் நாற்பத்தோராண்டு. எஞ்சிய வழக்குகளை மனைவி மேரியன் விடாது நடத்தினார். அவற்றுள் இறுதியானது 1967 இல் அவருக்குச் சார்பாக முடிந்தது.