டாக்டர்களை உருவாக்கிய டாக்டரம்மா

கொடைக்கானல் என்றவுடன் நமக்கு ஏரி நினைவுக்கு வரும். படகும், பனியும், பேரிக்காயும் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு காலத்தில் யாரும் வேடிக்கை பார்க்க அந்த மலைக்குப் போகவில்லை. உயிருக்குப் பயந்து போனார்கள்.

மதுரைச் சீமையில் ஊழியம் செய்த அமெரிக்கப் பாதிரிமார் குடும்பங்களில் காய்ச்சலாலும் காலராவாலும் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. கீழே இருந்தால் பிழைக்க முடியாது என்று கண்டு, 1845-இல் பழனி மலையின் மேல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அதுதான் கொடைக்கானல் ஊரின் தொடக்கம். மலைக் காற்று நல்லது, அதனால் காய்ச்சல் வருவதில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல்தான். காரணம் தெரியாமலேயே ஐம்பது வருஷம் கொசுவுக்குத் தப்பி மலை ஏறியிருக்கிறார்கள்!

அப்படிக் கோடைதோறும் மலை ஏறியவர்களில் ஒருவர் டாக்டர் ஐடா ஸ்கடர். வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கிய அம்மையார் என்றால் எல்லோருக்கும் தெரியும். கொடைக்கானலில் "ஹில்டாப்" என்ற வீடு அவருடையது. வேலூர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது வேறு ஒன்று. தாம் கற்ற வைத்தியத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், பிறருக்குக் கற்றுக்கொடுப்பதையே அந்த அம்மையார் பாதி வாழ்க்கையாகச் செய்தது எப்படி என்பதுதான் அது.

ரொட்டித் துண்டு

ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தாள். தகப்பனார் டாக்டர். பாட்டனாரும் டாக்டர். அந்தப் பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்து வைத்தியம் செய்தவர். ஐந்து ஆண் பிள்ளைகளுக்குப் பின் பிறந்த ஒரே பெண் ஐடா.

அவளுக்கு ஆறேழு வயது ஆனபோது பெரும் பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். 1876 முதல் 1878 வரை தென்னாடு பட்ட பாடு கொஞ்சமல்ல. பட்டினியால் துவண்டு கிடந்த குழந்தைகளுக்குக் கையை நீட்டி வாங்கித் தின்னவும் பலமில்லை. சிறுமி ஐடா ரொட்டியைப் பிட்டு அவர்கள் வாயில் ஊட்டினாளாம்.

அந்தக் காட்சி அவளுக்கு இந்த நாட்டின் மேல் பாசத்தை உண்டாக்கவில்லை. அச்சத்தைத்தான் உண்டாக்கியது. பிறகு குடும்பம் அமெரிக்கா போயிற்று. அவள் அங்கே படித்தாள். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு சுகமாக வாழலாம், இந்தியாவின் பக்கமே திரும்பக் கூடாது என்பது அவள் எண்ணம். 1890-இல் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தாள்.

ஒரே இரவில் மூன்று பேர்

திண்டிவனத்தில் ஓர் இரவு. வாசலில் ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். அவர் மனைவி பிரசவ வேதனையில் இருந்தாள். மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். ஐடா வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டார். தனக்கு வைத்தியம் தெரியாது, தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போகலாம் என்றாள் ஐடா. அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பதா என்று சொல்லி அவர் திரும்பிவிட்டார்.

சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள். அதே பதில். தகப்பனார் கூடவே நின்றும் பயனில்லை. அவரும் போய்விட்டார். மூன்றாவதாக இன்னோர் இந்து வந்தார். அவரும் அப்படியே திரும்பினார்.

அன்றிரவு ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தாள். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஊரில் டாக்டர் இல்லாமல் இல்லை. மருந்தும் இருந்தது. அப்படியிருந்தும் மூன்று உயிர் போயிற்று. அந்த வீடுகளுக்குள் நுழையக்கூடிய ஒரு பெண்ணுக்கு வைத்தியம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஐடா தகப்பனாரிடமும் தாயாரிடமும் போய், தான் டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

கேட்க ஆளில்லை

நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்ட காலம் அது. அங்கே 1899-இல் ஐடா பட்டம் பெற்றார். ஷெல் என்ற ஒரு பணக்காரர், இறந்துபோன தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தோடு 1900-இன் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார்.

புது டாக்டருக்குப் பழைய டாக்டரின் துணை வேண்டும். புத்தகத்தில் படித்தது வேறு, கையில் கத்தியைப் பிடிப்பது வேறு. தகப்பனார் பக்கத்தில் இருந்து பழக்குவார் என்று ஐடா நம்பியிருந்தார். ஆனால் வந்த சில மாதங்களிலேயே, அதே 1900-இல், தகப்பனார் புற்றுநோயால் காலமானார். ஐடா தனியாக நின்றார். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. கூட உதவிக்கு சலோமி என்ற உள்ளூர்ப் பெண் ஒருத்திதான். அவளுக்கும் எல்லாவற்றையும் ஐடாவேதான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

வேலூரில் தாம் குடியிருந்த வீட்டிலேயே வைத்தியத்தைத் தொடங்கினார். முதலில் ஜனங்கள் வரப் பயந்தார்கள். பிறகு வந்தார்கள். இரண்டு வருஷத்தில் ஐயாயிரம் பேருக்கு வைத்தியம் நடந்தது. 1902-இல் நாற்பது படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஆனால் ஒரு ஜோடிக் கை எத்தனை பேரைத் தொட முடியும்? வேலூருக்கு வர முடியாதவர்கள் சுற்றுக் கிராமங்களில் ஏராளம். ஐடா வாரம் ஒரு நாள் குடியாத்தம் சாலையில் போகத் தொடங்கினார். மாட்டு வண்டிக்குப் பிறகு மோட்டார் வண்டி வந்தது. அதைப் பிசாசு என்று எண்ணி ஜனங்கள் வயலுக்குள் ஓடினார்களாம். பிறகு அதே வண்டிக்காக மரத்தடியில் காத்துக் கிடந்தார்கள். புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, சொத்தைப் பல் பிடுங்குவது எல்லாம் சாலை ஓரத்திலேயே நடந்தது. அந்தச் சாலை ஆஸ்பத்திரியே பின்னாளில் மாணவிகளுக்கும் நர்சுகளுக்கும் பள்ளிக்கூடம் ஆயிற்று. வகுப்பில் படிக்கும் நோய் வேறு, மரத்தடியில் காத்திருக்கும் நோய் வேறு என்று அங்கேதான் அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

1909-இல் நர்ஸ் பள்ளி தொடங்கினார். அந்நாளில் நர்ஸ் வேலை என்றால் நல்ல குடும்பங்களில் முகம் சுளிப்பார்கள். யார் யாருடைய புண்ணையோ தொடுவதா, இரவில் கண்விழிப்பதா என்பார்கள். இப்போது வேலூரில் படித்த நர்ஸ் என்றால் உலகம் முழுவதும் மரியாதை. முதலில் வந்த சில பெண்கள் பட்ட ஏச்சுக்கும் பேச்சுக்கும் கணக்கு எழுதியவர் யாரும் இல்லை.

மே மாத மலை

சமவெளியில் தனித்தனியே கிடந்த டாக்டர்களுக்குக் கொடைக்கானல் ஒரு பெரிய வரம். மோட்டார் சாலை வருவதற்கு முன் அங்கே போவது சுலபமல்ல. அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கவேண்டும். மலையடிவாரம் வரை மாட்டு வண்டி. பிறகு நடை, அல்லது குதிரை, அல்லது ஆட்கள் சுமக்கும் நாற்காலி. ஏழாயிரம் அடி உயரம்!

இப்படி ஏறிப் போனவர்கள் மே மாதத்தில் ஒன்றுகூடுவார்கள். ஆர்க்காட்டிலிருந்து வந்தவரும் மதுரையிலிருந்து வந்தவரும் ஆந்திர நாட்டிலிருந்து வந்தவரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருப்பார்கள். டாக்டரும் டாக்டரும் சந்தித்தால் என்ன பேசுவார்கள்? பிரார்த்தனையும் டென்னிஸும் போக மற்ற நேரத்தில் வைத்தியப் பேச்சுத்தான்.

டென்னிஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஐடா அம்மையார் அந்த ஆட்டத்தில் கெட்டிக்காரர். அறுபது வயதைத் தாண்டியும் ஆடினார். கிழவியோடு ஆடுவதா என்று அலுத்துக்கொண்ட ஓர் இளம்பெண்ணை அவர் ஒரு பாயிண்ட் விடாமல் தோற்கடித்ததாகக் கொடைக்கானலில் ஒரு கதை உண்டு.

மூன்று பேர் கூட வரமாட்டார்கள்

பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று ஐடா கேட்டபோது சிரித்தவர்கள் அதிகம். மூன்று பேர் வந்து சேர்ந்தாலே அதிர்ஷ்டம் என்றார்கள். 1918-இல் 151 விண்ணப்பங்கள் வந்தன.

ஆகஸ்ட் 12-ஆம் தேதி பள்ளி தொடங்கியது. வாடகைக் கட்டடம், சில எலும்புகள், ஒரு மைக்ராஸ்கோப், இரண்டொரு புத்தகங்கள்: இவ்வளவுதான் சொத்து. உடல் உறுப்புகளைப் பற்றிய பாடத்தை ஐடாவே நடத்தினார். பகலில் ஆப்பரேஷன், மாலையில் பாடம், இரவில் அடுத்த நாள் பாடத்துக்குத் தாமே படிப்பது. மாணவிகளைவிட ஆசிரியை அதிகம் படித்திருப்பார்.

1922-இல் முதல் தொகுதி மாணவிகள் சர்க்கார் பரீட்சை எழுதினார்கள். ஆண்களிலேயே பெரும்பாலோர் தவறிவிடும் பரீட்சை அது. வேலூரிலிருந்து எழுதியவர்கள் 14 பேர். பதினாலு பேரும் தேறினார்கள்!

இப்படி வந்தவர்களுக்கு எல்.எம்.பி. என்ற பட்டம். வீடு வீடாகச் செல்லும் லேடி டாக்டர்கள் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தார்கள். 1928-இல் காந்தி மகானும் அந்தப் பள்ளிக்கு வந்து பார்த்தார்.

இதற்கெல்லாம் முன்பே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்கர் தமிழிலும் மேல்நாட்டு வைத்தியம் கற்பித்து அறுபதுக்கு மேற்பட்ட டாக்டர்களை உண்டாக்கினார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர் அவர். வேலூரில் பாடம் இங்கிலீஷில்தான் நடந்தது. அது ஒரு குறைதான்.

எழுபது வயதில் மீண்டும் முதலிலிருந்து

1938-ஐ ஒட்டி ஒரு பேரிடி விழுந்தது. இனி எல்.எம்.பி. படிப்பு போதாது, டாக்டர் என்றால் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். பட்டம் வேண்டும் என்று சென்னை சர்க்கார் சொல்லிவிட்டது. சர்க்கார் சொன்னதில் தவறில்லை. வைத்தியம் வளர்ந்துவிட்டது, படிப்பும் வளரத்தான் வேண்டும். ஆனால் வேலூர் என்ன செய்யும்? படுக்கைகளைப் பெருக்க வேண்டும். சோதனைச் சாலைகள் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயர்ந்த பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். இருபது வருஷம் உயிரைக் கொடுத்துக் கற்பித்தவர்களுக்கு அந்தப் பட்டங்கள் இல்லை. பள்ளியை மூடிவிடலாம் என்ற பேச்சும் வந்தது.

ஐடா அம்மையார் மூடவில்லை. 1941-இல் எழுபது வயதில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசினார், பணம் திரட்டினார். இங்கே டாக்டர் ராபர்ட் காக்ரேன் பொறுப்பேற்றுப் பல்கலைக்கழகத்தோடு மன்றாடினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. பழைய மாணவிகள் சிலர், ஏற்கெனவே டாக்டர்களாக இருந்தும், திரும்பவும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு மேல் படிப்புக்குப் போனார்கள். நாற்பது வயதில் பெஞ்சில் உட்காருவது லேசான காரியமா?

இன்னொரு சிக்கலும் வந்தது. கல்லூரி நிலைக்க வேண்டுமானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்றார்கள் சிலர். பெண்களுக்கென்று பெண்கள் கொடுத்த பணமாயிற்றே என்று பழைய தோழியர் சிலர் கோபித்துக்கொண்டார்கள். ஐடாவும் மனம் தடுமாறினார். கடைசியில் சம்மதித்தார். 1947-இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டே நர்சுகளுக்குப் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. இந்த நாட்டில் அந்தப் படிப்பை முதலில் தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று. விடுதலையை ஒட்டி டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

அம்மையார் 1946-இல் ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொடைக்கானல் வீட்டில் ரோஜாச் செடி வளர்த்தார். டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய ஒரு கடிதம் அவருக்கு நேரே வந்து சேர்ந்ததாம். தபால்காரர்களையும் பாராட்டத்தான் வேண்டும். 1960 மே மாதம், எண்பத்தொன்பதாம் வயதில், அந்த மலை வீட்டிலேயே உயிர் நீத்தார். உடலை வேலூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-இல் அவர் பணியின் நூற்றாண்டுக்காக இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

அவர் காலத்துக்குப் பின் வேலூர்க் கல்லூரி இன்னொரு படிப்பையும் தொடங்கிற்று. சிறிய ஊர்களில் தனியாக வேலை செய்யும் டாக்டர்கள், தங்கள் ஆஸ்பத்திரியை விட்டு வராமல், தொலைவிலிருந்தே குடும்ப மருத்துவம் படிக்கும் படிப்பு அது. பாடம் அவர்கள் ஊருக்கே போகிறது. இடையிடையே சில நாட்கள் ஓரிடத்தில் கூடி, பார்த்துப் பழகி, சந்தேகம் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.