சிவப்புத் தங்கம்

1791இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார் மைக்கல் பரடே. பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் தொழில் பழகியவர், கட்ட வந்த நூல்களை வாசித்தே விஞ்ஞானத்துள் நுழைந்தார். மின்பிறப்பாக்கிக்கு வழிதிறந்த அவர், ஞாபகம் தளர்ந்த முதுமையில் தங்கத்தை ஆராய்ந்தார். தங்கக் குளோரைட்டுக் கரைசலைப் பொசுபரசினால் தாழ்த்தியபோது மாணிக்கச் சிவப்பில் ஒரு திரவம் கிடைத்தது. நம் மன்னார் உப்பளத்தில் விளைவது போன்ற சாதாரண கறியுப்பை இட்டதும் அது நீலமானது. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துணிக்கைகளின் பருமனோடு நிறமும் மாறுகிறது என்று 1857இல் விளக்கினார். உப்பு துணிக்கைகளைத் திரளச் செய்கிறது. திரளவிடாமல் காத்து, வேண்டிய பருமனில் அவற்றை ஆக்குவதே இன்றைய நனோ ஆய்வுகூடங்களின் பெரும்பாடு. 1867இல் பரடே மறைந்தார். உப்புப் படாத அவரது திரவம் லண்டன் ரோயல் நிறுவனத்தில் இன்றும் சிவப்பாகவே இருக்கிறது.