கணக்கு வகுப்புக்கு முதலையோடு வந்த மாணவி



நம்ம சுவரிதழின் வாழ்க்கை வரலாறு பகுதியில் காந்தி, பாரதி, அன்னை தெரசா என்று எல்லாரைப் பற்றியும் எழுதியாச்சு. அதனால் நான் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். பாம்பு, பல்லி, முதலை, ஆமை இவைதான் இவருடைய தோழர்கள். பெயர் ஜோன் புராக்டர்.

1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ந் தேதி லண்டனில் பிறந்தார். பத்து வயசுக்குள்ளேயே வீட்டில் தவளையும் பல்லியும் வளர்க்க ஆரம்பிச்சுட்டார். அதில் டால்மேஷியா என்ற கடற்கரைப் பகுதியைச் சேர்ந்த பெரிய பல்லி ஒன்று. ஜோன் சாப்பிட உட்கார்ந்தால் அதுவும் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காருமாம். வெளியூர் போனாலும் கூடவே போகும். நம்ம வீட்டில் பல்லி தட்டுப் பக்கம் வந்தா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

16 வயசில் ஒரு குட்டி முதலை கிடைத்தது. ஒருநாள் அதைப் பள்ளிக்கே கொண்டுவந்துட்டார். அதுவும் கணக்கு வகுப்புக்கு! (யாரும் முயற்சி செய்ய வேண்டாம், நம்ம ஊரில் வனத்துறை சட்டம் இருக்கு.)

இதுவரைக்கும் சிரிப்பா இருக்கும். ஆனால் இன்னொரு பக்கம் சொல்லணும். சின்ன வயசிலிருந்தே ஜோனுக்குக் குடலில் தீராத நோய். பல தடவை அறுவை சிகிச்சை நடந்தது. பள்ளிக்கு வராத நாட்கள் ஏராளம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போகும் அளவுக்குப் படிப்பு இருந்தும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. கல்லூரிக் கனவு அதோடு முடிஞ்சு போச்சு.

ஆனால் வீட்டில் இருந்த அந்தச் சின்னச் சேகரிப்புதான் அவருக்குக் கல்லூரியாச்சு. எந்தப் பிராணி எதைத் தின்னுது, எப்போ வெயிலுக்கு வருது, எப்போ ஒளியுது என்று பார்த்துக்கிட்டே இருந்தார். சந்தேகம் வந்தால் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த பூலாஞ்சர் என்ற பெரிய அறிஞரிடம் கேட்பார். கேள்வி கேட்ட பெண்ணையே அவர் 1916-ல் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அடுத்த வருஷம், வெறும் 19 வயசில், ஒரு விஷப்பாம்பு பற்றிய ஆய்வுக் கட்டுரையை ஜோன் விலங்கியல் சங்கத்தில் படித்தார். கல்லூரி வாசலையே மிதிக்காத பெண்!

ஆப்பிரிக்காவில் ஓர் ஆமை இருக்கு. உடம்பு தோசை மாதிரி தட்டை, ஓடு அமுக்கினால் வளையும். ஆபத்து வந்தால் ஓட்டுக்குள் ஒடுங்காமல் ஓடிப்போய்ப் பாறை இடுக்கில் புகுந்துகொள்ளும். அதன் எலும்புகளை ஆராய்ந்து, அந்த ஓட்டின் அமைப்பைப் பற்றி 1922-ல் ஜோன் எழுதிய கட்டுரை முக்கியமானது.

1923-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையின் ஊர்வன பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் இவர்தான். அங்கே புது ஊர்வன இல்லம் கட்டணும் என்று முடிவானபோது, அது எப்படி இருக்கணும் என்று திட்டம் போட்டதும் இவரே. கட்டடக் கலைஞர் கை டாபரோடு சேர்ந்து வேலை செய்தார். 1927-ல் அது திறக்கப்பட்டது. வாங்க, உள்ளே ஒரு சுற்று சுற்றிட்டு வரலாம்.

முதலில் பாருங்க, நாம நிற்கிற இடம் மங்கலா இருக்கு, பாம்பு இருக்கிற இடம் பளிச்சுனு இருக்கு. அதனால் கண்ணாடியில் நம்ம முகம் தெரியாது, பாம்பு மட்டும் தெரியும். அடுத்தது சூடு. ஊர்வன குளிர் இரத்தப் பிராணிகள் என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம் இல்லையா? அவற்றுக்குத் தானாக உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. அதனால் ஒரே கூண்டுக்குள் ஒரு பக்கம் சூடு அதிகம், ஒரு பக்கம் குறைவு என்று மின்சாரத்தால் அமைத்தார். வேணுங்கிற இடத்தில் அதுவே போய்ப் படுத்துக்கும். மூன்றாவது, கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாவிட்டால் பல பிராணிகளுக்கு எலும்பு பலமிழந்து போகும். அதனால் அந்தக் கதிரை உள்ளே விடும் வைட்டா கிளாஸ் என்ற விசேஷக் கண்ணாடியைப் போட்டார். 90 வருஷத்துக்கு மேல் அந்தக் கட்டடத்தில் ஊர்வன வாழ்ந்தன.

அதே 1927-ல் இரண்டு ராட்சத விருந்தாளிகள் வந்தன. இந்தோனேசியத் தீவுகளில் வாழும் கொமோடோ டிராகன்! பெயரில்தான் டிராகன், உண்மையில் அது உடும்பு இனம். உலகத்திலேயே பெரிய உடும்பு, 3 மீட்டர் வரை வளரும். சும்பா, சும்பாவா என்று பெயர் வெச்சாங்க. காட்டில் மானையே அடித்துத் தின்னும் இனம் அது. ஆனால் சும்பாவா ஜோனிடம் அப்படியே பழகிவிட்டது. 1928-ல் விலங்கியல் சங்கக் கூட்டத்துக்கே அதை அழைத்து வந்தார். அறிஞர்கள் முன்னால் அது நடமாடியது, ஜோன் கையிலிருந்தே இரையும் தின்றது.

இதையெல்லாம் செய்த நாட்களில் அவர் உடம்பு மோசமாகிக்கொண்டே இருந்தது. கடைசிக் காலத்தில் நடக்க முடியாமல் மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில் போய்த்தான் பிராணிகளைக் கவனித்தார். 1931-ல் சிகாகோ பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதே வருஷம் செப்டம்பர் 20-ந் தேதி காலமானார். வயசு 34தான்.

எனக்கு இவரிடம் பிடித்தது தைரியம் மட்டும் இல்லை. முதலையைத் தொட நிறைய பேருக்குத் தைரியம் இருக்கும். தன் வலியோடேயே, வாய் பேசாத பிராணிக்கு என்ன வேணும் என்று உட்கார்ந்து பார்த்தாரே, அதுதான் பெரிசு. அடுத்த முறை எந்த மிருகக்காட்சி சாலைக்குப் போனாலும் பாம்புக் கூண்டுக்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்க. கண்ணாடியைத் தட்டாதீங்க. உள்ளே வெளிச்சம் எங்கிருந்து வருது, சூடு எங்கே இருக்கு, பாம்பு எங்கே படுத்திருக்கு என்று பாருங்க.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி