வெள்ளியைச் சோதிக்க வந்தவர், அசோகரைக் கண்டுபிடித்த கதை!

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுல கல்யாணப் பட்டு எடுக்கப் போனா, உங்க வீட்டுப் பெரியவங்க முதல்ல பார்க்கிறது கலரை இல்லை. ஜரிகையை நகத்தால லேசா சுரண்டி, உள்ளே சிவப்பு நூல் எட்டிப் பார்க்குதான்னு பார்ப்பாங்க. சிவப்புப் பட்டு நூல் மேல மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசினதுதான் அசல் ஜரிகை. இப்போ அதே வேலையை எக்ஸ்.ஆர்.எஃப். மெஷின் சில நிமிஷத்துல முடிச்சுடுது. வெள்ளி எத்தனை சதவிகிதம், தாமிரம் எத்தனைன்னு ஸ்கிரீன்லயே வந்துடும்.

மெஷின் இல்லாத காலத்தில், இந்த 'வெள்ளி அசலா' என்ற கேள்வியையே உத்தியோகமாக வைத்திருந்தவர் ஜேம்ஸ் பிரின்செப். ஸ்கூல் வரலாற்றுப் புத்தகத்தில் பிராமி எழுத்தைப் படித்தவர் என்று ஒரே வரியில் கடந்து போயிருப்பீங்க. அவர் தொல்லியல் படித்தவர் இல்லை, நாணயச்சாலை ஊழியர்!

1799-ல் பிறந்தார். கட்டடக் கலைஞராக வேண்டும் என்பது ஆசை. படிக்கும்போதே கண் பாதிக்கப்பட்டு அந்தக் கனவு கலைந்தது. அப்புறம் வேதியியல் படித்து, லண்டன் நாணயச்சாலையில் உலோகச் சோதனை கற்றுக்கொண்டு, 1819-ல் கல்கத்தாவில் கப்பல் இறங்கினார். வயசு 20. அடுத்த வருஷமே காசிக்கு அனுப்பிவிட்டார்கள். 10 வருஷம் காசியில்தான். வேலை நேரம் போக அந்த ஊருக்குக் கழிவுநீர்ச் சுரங்கம் அமைத்தார், பாலம் கட்டினார், படித்துறைகளை வரைந்து தள்ளினார். கட்டடக் கனவு முழுசா சாகலை போல.

அவர் வேலை என்னன்னு கொஞ்சம் பார்ப்போம். வெள்ளியில் சிறு துண்டை வெட்டி எடுத்து, ஈயத்தோடு சேர்த்து எலும்புச் சாம்பலால் செய்த குட்டிக் கிண்ணத்தில் வைத்து உலையில் உருக்குவார்கள். ஈயமும் தாமிரமும் சாம்பலுக்குள் இறங்கிவிடும். மிச்சமிருக்கும் வெள்ளி உருண்டையை எடை போட்டு, முதல் எடையோடு ஒப்பிட்டால் கலப்படம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நம் ஊரில் புடம் போடுவது என்பார்களே, அதேதான். உலையின் சூட்டைத் துல்லியமாக அளக்க அவர் கண்டுபிடித்த வழிக்காகவே லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை.

இவ்வளவு சிரமம் எதுக்கு? அன்றைக்கு இந்தியாவில் ஊருக்கு ஒரு ரூபாய். நம் பக்கம் ஆற்காடு ரூபாய், காசியில் ஒன்று, வங்காளத்தில் இன்னொன்று. நவாப் பெயரைச் சொல்லும் ஆற்காடு ரூபாயை சென்னையில் இங்கிலீஷ்காரனும் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரனும் தனித்தனியாக அடித்தார்கள். காசில் பிறை இருந்தால் பாண்டிச்சேரி சரக்கு. இதுல பெரிய கூத்து என்னன்னா, 1759-லேயே இறந்துபோன முகலாய அரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும் பழைய வருஷத்தையும் போட்டு, 1800-களிலும் சென்னையில் காசு அடித்தார்கள். அதாவது காசில் இருக்கும் பெயரை நம்பக் கூடாது, வருஷத்தையும் நம்பக் கூடாது. ஒவ்வொரு ஊரிலும் சராப் உட்கார்ந்து தட்டிப் பார்த்து, வட்டம் பிடித்துக்கொண்டுதான் மாற்றித் தருவார். நஷ்டம் யாருக்கு? கூலி வாங்கும் நெசவாளிக்கும் விவசாயிக்கும்தான்.

பிரின்செப் 1832-ல் கல்கத்தா நாணயச்சாலையின் தலைமைச் சோதனையாளர் ஆனார். நாடு முழுக்க ஒரே எடை, ஒரே ரூபாய் வேண்டும் என்று வலியுறுத்தினார். 1835-ல் அது வந்தது. 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் 12-ல் 11 பங்கு வெள்ளி.

நாணயச்சாலைக்கு உருக்க வரும் பழைய காசுகள்தான் அவரை வேறு உலகத்துக்கு இழுத்தன. ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் யாருக்குமே புரியாத எழுத்து. ஆசியச் சங்கத்தின் செயலாளரான அவர், நாடெங்குமிருந்து கல்வெட்டுப் படிகளையும் வரவழைத்தார். சாஞ்சி ஸ்தூபி வேலிகளில் குட்டிக் குட்டி வரிகள். எல்லாமே ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. பக்தர்கள் கொடுத்த காணிக்கை விவரமாக இருக்குமோ என்று யோசித்தார். நம் கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்' எழுதியிருக்குமே, அது மாதிரி! அந்தக் கடைசிச் சொல் தானம். அதிலிருந்து 'த', 'ந' கிடைக்க, பூட்டு திறந்துவிட்டது. இது 1837.

அவர் தனியாளாகச் சாதித்தார் என்று சொன்னால் தப்பு. ஜெர்மன் அறிஞர் லாசன் ஒரு காசை வைத்து முன்பே சில எழுத்துகளைப் படித்திருந்தார். பக்கத்திலேயே பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்கார் இருந்தார். கல்வெட்டுகளில் வரும் பியதசி யார் என்று குழம்பியபோது, அது அசோகர்தான் என்று பாலி நூலைப் புரட்டிச் சொன்னவர் இலங்கையில் இருந்த ஜார்ஜ் டர்னர். அந்த அசோகர் கல்வெட்டுகளில்தான் சோழர், பாண்டியர் பெயர்கள் வருகின்றன. காஞ்சியில் அசோகர் கட்டிய ஸ்தூபி இருந்ததாக 7-ம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங்கும் எழுதி வைத்திருக்கிறார்.

பகலில் உலை, இரவில் எழுத்து. அந்தப் பாதிக்கப்பட்ட கண்களோடு வருஷக்கணக்கில் இப்படியே ஓடினார். 1838-ல் தாங்க முடியாத தலைவலி தொடங்கியது. கப்பலேற்றி லண்டன் அனுப்பினார்கள். நினைவும் தெளிவும் திரும்பவே இல்லை. 1840 ஏப்ரல் 22-ல் இறந்தபோது வயது 40. மகளுக்கு மூன்று வயசுகூட இருக்காது. கொல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் இருக்கும் பிரின்செப் படித்துறை அவர் நினைவாகக் கட்டப்பட்டதுதான். இப்போ அது செம போட்டோ ஸ்பாட்!

உங்க பாட்டி பெட்டியில் 1835 ரூபாய் இருந்தா எடுத்துப் பாருங்க. நாலாம் வில்லியம் தலை இருக்கும். நாலு என்பதை ரோமன் எண்ணில் நாலு நேர்க்கோடுகளாகவே போட்டிருப்பார்கள். கழுத்தடியில் ஆர்.எஸ். அல்லது எஃப். என்று பொடி எழுத்து தெரிந்தால், அது கல்கத்தா நாணயச்சாலைத் தலைவர்களின் அடையாளம். ஒன்றும் இல்லையென்றால் உடனே போலின்னு முடிவு பண்ணிடாதீங்க, எழுத்தே இல்லாமலும் அடித்திருக்கிறார்கள். காந்தத்தில் ஒட்டினால் போலி. ஒட்டலைன்னா நகைக்கடைத் தராசில் வைங்க. தேய்மானம் போக 11.66 கிராமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். முக்கியமா, புளி போட்டுத் தேய்ச்சுடாதீங்க. பளபளன்னு ஆயிட்டா சேகரிப்பாளர்கள் விலையைக் குறைச்சுடுவாங்க.